கிடங்கில் இருந்த குசும்பா விதைகள்

1993 ஜனவரி 9

மின்சாரம் இல்லை. எலி கடித்த விதைப் பைகளை ஹோல்னிசாவும் நானும் தைத்தோம். சம்பளம் நின்ற பிறகும் விதை ஆராய்ச்சிப் பண்ணைக்கு வருவது நாங்கள் இருவர்தான். ஹிசோர் பள்ளத்தாக்கு முழுக்க எண்ணெய்க்குப் போடும் குசும்பா, ஒரே ரகம். வாடல் நோய் அதை வயல் வயலாகச் சாய்க்கிறது. நோயைத் தாங்கும் குணம் பைக்கு ஓர் ஊராகச் சேர்த்த இந்த மலைக்கிராம விதைகளில் எங்காவது இருக்க வேண்டும்.

ஜனவரி 17

ஹோல்னிசாவின் மகள் நிலுஃபருக்குப் பட்டினியில் கால் வீங்கிவிட்டது. வீட்டில் தவிட்டுக் கஞ்சி மட்டும். உள்நாட்டுச் சண்டைக்குப் பயந்து எல்லை ஆற்றைக் கடந்த கணவனிடமிருந்து தகவலே இல்லை.

"ரெண்டு பை குடுக்கா. ஆட்டி, புள்ளைக்குக் கஞ்சில எண்ணெய் ஊத்துறேன்."

மாட்டேன் என்றேன். ஒரு பை போனால் ஓர் ஊரின் விதை போனது, திரும்ப வராது.

"எம்புள்ள வருவாளா?"

பைகளை எண்ணிவிட்டுக் கிடங்கைப் பூட்டினேன். என்ன மனுஷி நான்?

ஜனவரி 18

என் பங்கு ரொட்டியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். முகம் பார்க்காமல் பை தைத்தாள்.

பிப்ரவரி 2

நிலுஃபர் போய்விட்டாள்.

பிப்ரவரி 6

துப்பாக்கிக்காரர்கள் பூட்டை உடைத்தார்கள். கெஞ்சினேன், விளக்கினேன். தலைவன் மரியாதையாகத்தான் பேசினான்: "எங்களுக்கும் பசிக்குதுக்கா." எல்லாப் பைகளையும் லாரியில் ஒரே குவியலாகக் கொட்டினார்கள், எண்ணெய் ஆட்ட.

யாருக்காகக் காத்தேன்? அவ கேட்டப்பவே குடுத்திருக்கலாமே. குடுத்துத் தொலைச்சிருக்கலாமே—

மார்ச் 11

ஹோல்னிசா வந்தாள். துணி மூட்டையை வாசலில் வைத்தாள். குசும்பா.

"ஒரு பை கொறஞ்சா கண்டுபிடிச்சிருவ. அதான் தைக்கும்போது ஒவ்வொண்ணுலயும் ஒரு பிடி எடுத்தேன். ஆட்டுறதுக்குள்ள அவ போயிட்டா. இத வீட்டுல வச்சிருக்க முடியலக்கா."

உள்ளே வா என்றேன். வரவில்லை.

மார்ச் 15

நோய் கண்ட வயலிலேயே விதைத்தோம். தாங்காதது சாகட்டும்.

ஜூன் 20

பாத்தி பாத்தியாக வாடுகிறது. பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 3

ஓரிரு கைப்பிடிச் செடிகள் பிழைத்திருக்கின்றன. மூட்டையிலேயே கலந்துபோனவை; எந்த ஊர் விதை என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஹோல்னிசா அரிந்தாள், நான் சாக்கைப் பிடித்தேன். முள் கிழித்து அவள் கையில் ரத்தம். துணி நீட்டினேன், பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

கணவனைத் தேடி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிறாளாம்.

"அடுத்த வருஷமும் இதே வயல்ல போடு," என்றாள்.

போடுகிறேன் என்றேன்.