பூங்காவுக்கு வைத்த மொய்

உஜ்தா

அன்பு மகள் வஃபாவுக்கு,

தானியச் சந்தை எரிந்துபோன இடத்தில் பூங்கா வருகிறது, அதற்குப் பணம் கட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி, கடை கையை விட்டுப் போகவில்லை. சுகம் விசாரிப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டேன், போன வாரம் தொலைபேசியில் என் குரலைக் கேட்டு நீ பயந்திருப்பாய். நான் நன்றாக இருக்கிறேன், முழங்கால் அதன் போக்கில் வலிக்கிறது. லியோன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் காவலில் நலமாக இருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். மரம் நடுவதற்கு நகராட்சியிடம் பணம் இருந்தது, பிறகு தண்ணீருக்கும் காவலுக்கும் இல்லை. பாதி நிலத்தை அடுக்குமாடி கட்டுகிறவனுக்கு விற்கலாம், அல்லது ஊர்க்காரர்கள் ஏதாவது தர வேண்டும் என்று நகராட்சிப் பொறியாளர் நவால் எங்கள் கடைத்தெருவைக் கூட்டினாள். பாதி விற்றால் எங்கள் வரிசைக் கடைகளும் இடிபடும், அதனால் முழு நிலமும் பூங்காதான் என்று எல்லோரும் கத்தினோம். அப்ப காசு யாரு தர்றது என்று அவள் அமைதியாகக் கேட்டாள். ஒலிபெருக்கி இல்லையென்று, கல்யாணங்களில் மொய் கூவுகிற ஸல்லாமை யாரோ அழைத்து வந்திருந்தார்கள், வினை அங்கேதான். எதிர்க்கடைக் கம்பளி ஹாஜி பூஷ்தா ஐயாயிரம் திர்ஹம் என்றதும் ஸல்லாமுக்குக் கல்யாண வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. பூஷ்தா வீட்டு மொய் ஐயாயிரம், அவர் வீட்டு வெளக்கு அணையாம எரியட்டும், பேரீச்சம்பழக் கடைக்கு என்ன வாயடைச்சுப் போச்சா என்று என்னைப் பார்த்துக் கூவினான். பெண்கள் குலவையிட்டார்கள், தொகை ஏறிக்கொண்டே போனது. லல்லா தாமூ கை தராசுக்குத்தான் வேகமாப் போகும், பைக்குள்ள போக நாளாகும் என்று, லல்லா என்ற மரியாதை குறையாமலே என்னைச் சீண்டி, பூஷ்தா சிரித்தார். எனக்குத் தலைக்கேறி நாற்பதாயிரம் என்றேன். அவர் விடுவாரா, ஐம்பது என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அது நோன்புக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்த பணம். கொடுத்தால் கடையைக் கைமாற்றிவிட்டு உன் வீட்டில் வந்து உட்கார வேண்டியதுதான். கொடுக்காவிட்டால் என் வாய்ச்சொல்லை நம்பி லாரி அனுப்புகிற ஃபிகீக் பேரீச்சந்தோட்டக்காரர்கள் இனி அனுப்ப மாட்டார்கள். அத்திப்பழத்தைக் கூடையில் வைத்து நூறு நூறு கிராமாகத் தெருத்தெருவாக விற்றுச் சேர்த்த பெயர், ஒரு குலவையில் போகப் பார்த்தது.

மறுநாள் காலை பூஷ்தா கதவைப் பாதிதான் தூக்கினார். கையில் காசு இருக்கிற வியாபாரி அப்படித் திறக்க மாட்டான். புதினாத் தேநீரை எடுத்துக்கொண்டு போய், ஹாஜி, உங்ககிட்ட அம்பது இருக்கா என்று நேராகவே கேட்டேன். உங்ககிட்ட நாப்பது இருந்தா என்கிட்ட அம்பது இருக்குன்னு வச்சுக்கோங்க என்றார். இருவரும் சிரித்த சிரிப்பில் தேநீர் ஆறிப்போனது. சொன்ன தொகை சொன்னதுதான், ஒரே நாள்ல தர்றேன்னு எவன் சொன்னான் என்று அவரே வழியும் எடுத்துக் கொடுத்தார்.

நவாலிடம் போனோம். மொத்தமாக வாங்கினால் முதல் வருடமே தின்று தீர்த்துவிடுவீர்கள், பிறகு ரயிலடி மரங்களைப் போல இதுவும் காயும், மரத்துக்கு மாதாமாதம் தண்ணீர் வேண்டும், பணமும் மாதாமாதம் வரட்டும் என்றேன். கடைகள் நகராட்சியுடையவை, வாடகை பழைய காலத்து வாடகை, ஆளே வருவதில்லை என்று அழுதழுது நாங்கள்தான் ஏறவிடாமல் வைத்திருந்தோம். பூங்கா வந்தால் ஆள் வரும், வருகிற வியாபாரத்திலிருந்து தருகிறோம், நாற்பதும் ஐம்பதும் தீர்ந்ததும் நிறுத்திக்கொள்கிறோம் என்றோம். அவள் கெட்டிக்காரி. ஏம்மா, தொகை தீந்த அன்னைக்கு மரம் தண்ணி குடிக்கறதையும் நிறுத்திடுமா என்றாள். பூஷ்தா இருமினார். இந்தப் பெண் சந்தையில் இருந்திருந்தால் எங்களையெல்லாம் மூட்டை கட்டியிருப்பாள். தொகை தீர்ந்தாலும் நிறுத்தாமல், மாத வாடகையோடு சேர்த்துக் கட்ட வரிசைக் கடைக்காரர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், சபையில் சொன்ன தொகைகளும் இதிலேயே அடக்கம். அதே இடத்தில் ஸல்லாமையே கூவச் சொன்னோம். மாத வாடகைக்கு யார் குலவையிடுவார்கள், அவன் முகம் தொங்கிவிட்டது, பாவம் என்று நானே இட்டேன்.

நீயும் கூட்டத்தில் வைத்து எதற்கும் தலையாட்டாதே, வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று எழுந்துவிடு. மாப்பிள்ளையின் அண்ணன் வீடு வாங்கப் பணம் கேட்கிறான் என்றாயே, அதற்கும் இதேதான். கடையை விற்றுவிட்டு வாம்மா என்ற பேச்சை இனி எடுக்காதே, கோடையில் பிள்ளைகளை இங்கே அனுப்பு, லாரிக்கு நடுவே ஓடாமல் புல்லில் ஓடட்டும். சின்னவளின் கால் அளவை மறக்காமல் அனுப்பு, செருப்பு சொல்லி வைத்திருக்கிறேன். உன் கை தொட்டதெல்லாம் பெருகட்டும், உன் வாசலில் கெட்ட செய்தி ஏறாமல் இருக்கட்டும்.

முடிந்த பேச்சு இது: இப்போது மாதம் அறுநூறு திர்ஹம் வாடகை, பூங்கா திறக்கிற நாளிலிருந்து ஆயிரத்து இருநூறு, கூடுகிற அறுநூறு தண்ணீருக்கும் காவலுக்கும் மட்டும், தனிக் கணக்கில், நிலத்தில் ஒரு சாண்கூட விற்பதில்லை, எங்கள் கடைகளுக்குப் பூங்காப் பக்கம் ஒரு கதவு, கடை இருக்கிற வரைக்கும்.

உன் அம்மா,
தாமூ