இரண்டு விசில்

என் செல்லப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். வழக்கமாக இந்த வரியை எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன், இந்த முறை நீ நம்ப மாட்டாய் என்பதால் இன்னொரு தடவை எழுதுகிறேன், நான் நன்றாகத்தான் இருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய். நீ அழுதால் நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிடுவேன், அப்புறம் இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கே வந்து உட்கார வேண்டியதுதான். மாதக் கடைசிக்கு உனக்கு டிக்கெட் போட்டுவிட்டேன் அம்மா, இனி ஒரு நாள்கூட நீ தனியாக இருக்கக் கூடாது என்று சொன்னாயே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி.

கீழே இருக்கும் மருந்துக்கடைக்காரரைத் திட்டாதே, பதற்றத்தில் உனக்குப் போன் போட்டுவிட்டார். அவரால்தான் இந்த விசில் கதையே ஆரம்பித்தது. அப்பா போனபின் என் கண்டக்டர் விசிலை மேஜை டிராயரில் போட்டு மூடியிருந்தேன். அவர் ஓட்ட, நான் டிக்கெட் கொடுக்க, ஒரே வண்டியில் எங்கள் காலம் ஓடியது உனக்குத் தெரியாததா. ஊருக்கெல்லாம் அவர் முகம் தெரியும், எனக்கு முதுகுதான் அதிகம் தெரியும். கோபம் என்றால் காது மடல் சிவந்துவிடும், பின்னால் நின்றே கண்டுபிடித்துவிடுவேன். காலையில் சண்டை போட்டுக்கொண்டு வந்திருப்போம், பேச்சுவார்த்தையே இருக்காது, ஆனாலும் நான் ஒரு விசில் கொடுத்தால் நிற்பார், இரண்டு கொடுத்தால் கிளம்புவார். வீட்டில் என் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளாத மனுஷன் வண்டியில் ஒரு தடவைகூட மீறியதில்லை. மருந்துக்கடைக்காரர் ஒரு நாள், தனியா இருக்கீங்களேம்மா, காலைல எழுந்ததும் ஒரு குரல் குடுத்தீங்கன்னா எங்களுக்கு நிம்மதி என்றார். குரல் எதற்கு, விசிலே இருக்கிறதே என்று எடுத்தேன். பால்கனியில் நின்று இரண்டு ஊதுவேன். மேல் மாடிக் கணக்கு வாத்தியார், அவரும் என்னைப் போல ஒண்டிக்கட்டைதான், கரண்டியால் தண்ணீர்க் குழாயில் இரண்டு தட்டு தட்டுவார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா திரையை விலக்கிக் கையை ஆட்டுவாள். நாங்கள் மூன்று பேரும் முழித்துவிட்டோம் என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

அன்றைக்கு விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. தெருமுனையில் முதல் பஸ் உறுமுகிற சத்தம் கேட்டது, என்னவோ ஆசை, புடவையை மாற்றிக்கொண்டு போய் ஏறிவிட்டேன். தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டாமே என்று விசில் ஊதவில்லை. நம் பழைய வழித்தடம்தான், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போனேன். இப்போது அந்த வண்டியில் விசில் இல்லை, மணிதான் அடிக்கிறார்கள், ஆனாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் உதடு தானாகக் குவிந்தது. அப்பா முன்னால் இருப்பது போலவே இருந்தது பாப்பா, இறங்க மனசே வரவில்லை. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆடி அசைந்து திரும்பி வந்தால் நம் படிக்கட்டு முழுக்கக் கூட்டம். கடைசியில் நின்ற பேப்பர்காரரிடம் யாருக்கு என்ன என்று கேட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், விசில் அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சாம், கதவை ஒடைச்சுட்டாங்க, பாவம் நல்ல மனுஷி, வாய்தான் கொஞ்சம் நீளம் என்றார். நானும் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டினேன், அப்புறம்தான் உறைத்தது. உள்ளே போனால் கதவு பெயர்ந்து சுவரில் சாய்ந்திருக்கிறது, தையல்காரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள், கதவை இடித்த தோளைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், எங்க போறதா இருந்தாலும் ஊதிட்டுப் போகணும்னு தெரியாதா என்று கத்தினார் பார், என் அப்பாகூட என்னை அப்படித் திட்டியதில்லை. அவர் தோளுக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தேன், இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறார். அதற்குள் மருந்துக்கடைக்காரர் உனக்குப் போன் போட்டிருந்தார், அந்த நேரத்தில் அங்கே நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

பயமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். குளியலறையில் கால் வைக்கும்போது பயம்தான், ரப்பர் விரிப்பு போட்டுக் கைப்பிடியும் வைத்துவிட்டேன். புதுக் கதவுக்கு ஒரு சாவி வாத்தியாரிடம் இருக்கிறது, இனி தோளுக்கு வேலை இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் எதிரே அப்பாவின் நாற்காலி காலியாக இருப்பது தாங்கவில்லை, அதனால் அதில் நானே உட்கார ஆரம்பித்தேன். இப்போது காலியாக இருப்பது என் நாற்காலி, அது பரவாயில்லை. உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் வராது, தெரியும். ஆனால் நீங்கள் எல்லோரும் கிளம்பிப் போனபின் பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து எப்போது வருவீர்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். இங்கே ஒரு நாள் காலையில் நான் ஊதாவிட்டால் கதவை உடைக்க ஆள் இருக்கிறது.

நீ முதல் முதலாக இந்த ஊரை விட்டுக் கிளம்பின அன்றைக்கு நடந்தது நினைவிருக்கிறதா. நீ ஏறின வண்டியின் கண்டக்டர் எங்களோடு வேலை பார்த்தவர், நீங்களே ஊதி அனுப்புங்கக்கா என்று எனக்காக நின்றார். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாய். நான் ஒரு விசில் கொடுத்திருந்தால் நீ பெட்டியைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடி வந்திருப்பாய், உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். வாய்வரை வந்தது அந்த ஒரு விசில்தான். அப்பா பக்கத்தில் நின்றார். நான் இரண்டு ஊதினேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுதேன்.

அதனால் அந்த டிக்கெட்டை ரத்து செய்துவிடு. பேத்தியின் விடுமுறைக்கு ஒரு டிக்கெட் போடு, இங்கே திரும்பி வருகிற டிக்கெட்டும் சேர்த்துப் போடு, சந்தோஷமாக வந்து இருந்துவிட்டு வருகிறேன். காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள், நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். பேச வராது, அழுகைதான் வரும் என்றால் பேசவே வேண்டாம். உதட்டைக் குவித்து இரண்டு ஊது பாப்பா, ஒன்றோடு நிறுத்திவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா