தஞ்சாவூரில் ஒரு மலை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்க முழங்கால் வலி எப்படி? அக்கரப்பத்தனையில மழை விட்டிருச்சா?

எங்க சுற்றுலா கம்பெனி வச்ச வழிகாட்டிப் பரீட்சையில நான்தாம்மா முதலாவது! தஞ்சாவூர் பெரிய கோயில் வரலாற்றை மடமடன்னு சொல்லிட்டு, போற வழியில வயலைக் காட்டி, நம்ம ஊர்ப் பழக்கத்துல "இந்த மலையில நெல்லு நடுறாங்க"ன்னுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. தட்டு மாதிரி பூமிம்மா இது! நான் விடுவேனா?

"இங்கயிருந்து கடல் தாண்டி இலங்கைக்குப் போன எங்க சனம் மலையிலதான் தேயிலை நட்டுச்சு. வேலை செய்யிற காட்டுக்கே எங்களுக்கு மலைன்னுதான் பேரு. இதுவும் உங்க ஊரு வரலாறுதான்"னேன். கைதட்டல் ஓயலம்மா!

தேயிலைத்தூள் கொஞ்சம் உங்க பழைய ஸ்வெட்டர்ல சுத்தி அனுப்புங்க. இங்க குளிரில்லதான், இருந்தாலும் அனுப்புங்க.

அவசரமா முடிக்கிறேன். பயணிகளுக்கு வயலைக் காட்டக் கிளம்பின கம்பெனிக் கூட்டாளிங்க வாசல்ல நின்னு கத்துறாங்க: "டிலோஜினி, மலைக்கு நேரமாச்சு!"

உங்க மகள்,
டிலோஜினி