டிரைவர் மனைவிகளின் கண்ணாடிகள்

அன்புள்ள அண்ணா,

நான் நலம், அண்ணியும் நலம். போனில் நான் பாதி சொல்வதற்குள் "சரி சரி, டார்கெட் என்னாச்சு" என்று வெட்டிவிடுகிறாய். அதனால்தான் கடிதம். எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்காதே. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ எழுதி அனுப்பிய தாள் நம் மூக்குக்கண்ணாடிக் கடையில் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. இலக்கு தெளிவாக இருக்க வேண்டும், எண்ணிப் பார்க்கும்படி இருக்க வேண்டும், கைக்கு எட்ட வேண்டும், முடிக்கிற தேதி வேண்டும். வாரமெல்லாம் அங்கே லாரி ஓட்டிவிட்டு, கிடைக்கும் ஒரு நாள் விடுமுறையில் வியாபார வகுப்பில் உட்கார்ந்து இதைக் கற்றிருக்கிறாய். நான் கிண்டல் செய்யவில்லை. ஆறு மாதத்தில் இருநூறு புது வாடிக்கையாளர், ஒரு பெரிய ஒப்பந்தம் என்று கோடு போட்டு எழுதியிருந்தாய். அது என்ன ஆயிற்று என்று கேள்.

முதலில் போனில் விளம்பரம் போட்டேன். லைக் கொட்டியது. கடைக்கு ஒருவர்கூட வரவில்லை. "இத்தனை சின்ன எழுத்தைப் படிச்சு லைக் போடுறவங்களுக்கு எதுக்குடி கண்ணாடி?" என்று அண்ணி சிரித்தார். உன் வகுப்பில் சொன்னதைவிட அது எனக்கு நன்றாக உறைத்தது. யாருக்கு விற்கிறோம் என்றே நான் யோசித்திருக்கவில்லை.

எதிரே பஸ் டிப்போ. கண்ணை வைத்துப் பிழைக்கிறவர்கள் அங்கே இருக்கும்போது நாம் யாரைத் தேடுகிறோம்? டிப்போ கேட்டில் மேசை போட்டு, எழுத்துப் பலகையை மாட்டி, இலவசப் பரிசோதனை என்று எழுதி வைத்தேன். நாள் முழுக்க உட்கார்ந்தேன். கடிக்கிற நாயைச் சுற்றிப் போவதுபோல என் மேசையைச் சுற்றிப் போனார்கள்.

அடுத்த வாரம் மழை கொட்டும்போது ஒரு டிரைவர் கடைக்குள் வந்தார். கண்ணாடி மனைவிக்கு வேண்டுமாம். அழைத்து வரச் சொன்னேன். "எதுக்கும்மா அலைச்சல். அவ கண்ணும் என் கண்ணும் ஒரே மாதிரி. என்னைப் பாத்து எழுதிக் குடுங்க" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பரிசோதித்தேன். பலகையில் மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டார். ரசீதில் மனைவி பெயரை எழுதச் சொன்னார். அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். இந்தப் பக்கத்து டிரைவர்களின் மனைவிகள் அத்தனை பேருக்கும் ஒரே பருவத்தில் பார்வை மங்கிவிட்டது.

காரணத்தை டிப்போ மெக்கானிக் சொன்னார். போன வருடம் ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். அன்றே வண்டியைப் பிடுங்கி, பாதிச் சம்பளத்தில் பஸ் கழுவ விட்டார்கள். அவர் இருக்கையில் இப்போது தினக்கூலிக்கு ஒருவர். கண்ணைப் பல வருடம் ரோட்டில் தேய்க்க வைத்துவிட்டு, தேய்ந்ததும் அது தொழிலாளியின் குற்றம். இவர்கள் கண்ணாடியைப் பையில் ஒளித்து எடுத்துப்போய், கேட் தாண்டியதும் மாட்டுகிறார்கள். திரும்பும்போது கேட்டுக்கு முன்னால் கழற்றிவிடுகிறார்கள்.

பார்வை குறைந்தவர் பஸ் ஓட்டலாமா என்று நீ கேட்பாய். கூடாது. கண்ணாடி போட்டால் கடைசி வரிவரை படிக்கிறார்களே, பிறகு என்ன? ஒருவருக்கு மட்டும் புரை முற்றியிருந்தது. ஆபரேஷன் முடியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். "என்னை வீட்டுக்கு அனுப்பத்தான் கடை தொறந்தியா?" என்று கேட்டார். பெரியாஸ்பத்திரிக்கு நானும் அவரோடு போனேன். மருத்துவ விடுப்பில் இருக்கிறார். திரும்பினால் வண்டி தருவார்களா என்று தெரியவில்லை.

இப்போது உன் ஒப்பந்தம். டிப்போ மேனேஜர் தானாகவே வந்தார். எல்லா டிரைவர்களையும் நாமே பரிசோதிக்கலாம், செலவு கம்பெனியுடையது. உன் இருநூறு ஒரே கையெழுத்தில் முடிந்துவிடும். நிபந்தனை ஒன்றுதான். "யாருக்குப் பார்வை சரியில்லையோ அந்த லிஸ்ட் நேரா என் மேசைக்கு வரணும். அவங்ககிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்." அப்புறம் அவர்களுக்கு யார் கண்ணாடி கொடுப்பது என்று கேட்டேன். "அவங்க எதுக்கும்மா கண்ணாடி போடணும்?" என்றார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. திட்டுவதானால் திட்டு. எத்தனை பேர் என்று உன் தாளில் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் என்று இருக்கிறது. அந்த இருநூறு பேருக்கு என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை.

அதனால் உன் தாளுக்குக் கீழே நான் ஒன்று எழுதியிருக்கிறேன். இந்த ஆறு மாதத்துக்குள் ஒரு டிரைவராவது தன் பெயரிலேயே ரசீது வாங்கி, கண்ணாடியோடு அந்த கேட்டுக்குள் நடந்து போக வேண்டும். தெளிவாக இருக்கிறது, எண்ணலாம், தேதியும் இருக்கிறது. கைக்கு எட்டுமா என்பதுதான் சந்தேகம். தொழிற்சங்கச் செயலாளரிடம் பேசியிருக்கிறேன். பரிசோதனை என்றால் மேனேஜரிலிருந்து வாட்ச்மேன்வரை எல்லோருக்கும், முடிவு அவரவர் கையில், கண்ணாடி போட்டவரை வண்டியிலிருந்து இறக்கக்கூடாது என்று எழுதிக் கேட்கப் போகிறார்கள். ஒருவர் அப்படி நடந்தால் மற்றவர்களும் கடைக்கு வெளிச்சத்தில் வருவார்கள். நம் கடையும் அப்போதுதான் நிலைக்கும்.

இனி எழுத்து விஷயம். நீ அனுப்பும் தாள்களில் உன் எழுத்து மாதாமாதம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. போன வாரம் வீடியோவில் பேசும்போது உன் அறைச் சுவரில் இருந்த காலண்டரை நான் இங்கிருந்தே படித்தேன். நீ எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தாய். ஆறு மாதம் என்ற கெடுவைக் கடைக்காக வைத்தாய் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கண் பரிசோதனை செய்து உன் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டியதும் அதே மாதம்தான் என்று அண்ணியிடம் கேட்டுத் தெரிந்தபிறகு நம்பவில்லை. அண்ணியிடம் வேறு எதுவும் சொல்லவில்லை.

வெறும் பவராக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். பரிசோதித்தால்தான் தெரியும். உன் கம்பெனி டாக்டரிடம் போகாதே, வெளியே பார். அதுவரை இரவு ஓட்டம் வேண்டாம் என்று ஏதாவது காரணம் சொல். உன் முகத்துக்கு ஏற்ற ஃப்ரேம் ஒன்றை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன்.

அண்ணி இருட்டிலும் ஊசியில் நூல் கோப்பவர் என்று நம் இருவருக்கும் தெரியும். பரவாயில்லை அண்ணா. அண்ணிக்கு என்று சொல்லியே அளவை அனுப்பு. நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
தங்கை