செருப்படி பட்ட சிலந்தி

ஆயுத பூஜைக்கு மறுநாள், காலை 8.10

செவ்வாய்க் கோள், மருதத் தளம். எழுதுவது மங்கையர்க்கரசி, சிலந்தி ஆய்வாளர். தளத்தில் இரண்டே பேர்: நான், எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் சுடலைமுத்து அண்ணாச்சி. டாக்டர் ரெஜினா மேலே சுற்றும் கப்பலில் இருக்கிறாள்.

இன்று வாராந்திரத் தேடல். பசுமைக்குடிலிலிருந்து தப்பி அறைகளில் குடியேறிய சிலந்திகளைத் தேடிப்பிடித்து இனம் குறிக்க வேண்டும். வழக்கமாக மூலைக்கு மூலை நெட்டைக்கால் சிலந்தி தொங்கும். பரம சாது. மற்றச் சிலந்திகளைப் பிடித்துத் தின்பதால் எங்களுக்குச் சம்பளமில்லாத காவல். இன்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

9.30

காரணம் தெரிந்தது. பூஜைக்காக அண்ணாச்சி தளம் முழுக்க ஒட்டடை அடித்திருக்கிறார். காவலாட்களைக் கூண்டோடு குப்பை எரிக்கும் உலையில் கொட்டிவிட்டு, காற்று எந்திரத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறார். செவ்வாய்க்கு வந்தும் மனிதருக்குத் துடைப்பம் கேட்கிறது! நன்றாகத் திட்டிவிட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

11.40

உள் ஒலிபெருக்கியில் அண்ணாச்சி: "யம்மா, ஸ்டோர் ரூம்ல கையில என்னமோ கடிச்சிட்டு. சிலந்திதான். பயப்படாதீக, செருப்பால ஒரே போடு, முடிஞ்சிது."

முடிந்ததாம். மிச்சத்தை உருப்பெருக்கியில் வைத்தேன். ஆறு கண்கள், ஜோடி ஜோடியாக. அப்படிக் கண் உள்ளவை எங்கள் பட்டியலில் இரண்டுதான். எச்சில் துப்பும் சிலந்தி என்றால் முதுகு மேடாக இருக்கும், மனிதருக்கு ஆபத்தில்லை. பழுப்புச் சிலந்தி என்றால் முதுகு தட்டை. இங்கே வளர்ந்த பழுப்பின் விஷம் ரத்தத்தை உடைத்து ஆளையே முடித்துவிடும். மேடா, தட்டையா? செருப்படி பட்டால் எல்லாச் சிலந்தியும் தட்டைதான்.

12.25

கப்பலிலிருந்து ரெஜினா: "விஷமுறிவு ஒரே குப்பிதான் இருக்கு. குதிரை ரத்தத்துல செஞ்சது. அண்ணாச்சிக்கு அந்த மாதிரி ஊசி போட்டு முன்னாடியே மூச்சு நின்னிருக்கு. பழுப்புன்னு உறுதியா தெரிஞ்சா மட்டும் போடு. சாயங்காலத்தைத் தாண்டினா போட்டும் பிரயோஜனமில்ல. நாங்க இறங்க நாலு நாள் ஆகும்."

ஆக, உயிரோடு இன்னொன்று வேண்டும்.

2.50

ஸ்டோர் ரூம். வைக்கோல் அடைத்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இல்லை. அண்ணாச்சிக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது, கை கருநீலமாகிறது. அலமாரிக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. தடித்த உறையோடு கை நுழையவில்லை. கழற்றிவிட்டேன்.

3.20

பிடித்தேன். டம்ளரைக் கவிழ்த்து உருப்பெருக்கியில் பார்த்தேன். முதுகு தட்டை. பழுப்பு. சந்தேகமே இல்லை.

என் வலது கையில் இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

3.35

ரெஜினா: "மங்கை, அந்த மருந்து உனக்குக் கண்டிப்பா வேலை செய்யும். அவருக்குச் சந்தேகம்தான். பாதி பாதி போட்டா ரெண்டு பேருக்குமே பத்தாது. நான் சொல்றது புரியுதா?"

புரிந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஊசியை என் கைக்கு அருகில் வைத்தும் பார்த்தேன். சாக எனக்குப் பயம். பக்கத்துக் கட்டிலில் அண்ணாச்சி உளறிக்கொண்டிருந்தார். ஒட்டடை அடித்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், பாவம்.

இணைப்பைத் துண்டித்தேன். மருந்தை அவருக்கே போட்டேன். மூச்சு நின்றது. நெஞ்சை அழுத்தி அழுத்தி வாய்க்கு வந்தபடி திட்டினேன். திரும்ப வந்தது.

6.05

குளிர். சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறது. ஸ்டோர் ரூமைப் பூட்டிவிட்டு என் அறையில் இருக்கிறேன். இடது கையால் எழுதுகிறேன். இணைப்பை மறுபடி போட்டு, அவரிடம் சொல்லக் கூடாது என்று ரெஜினாவிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். அழுதாள்.

6.40

ஒலிபெருக்கியில் அண்ணாச்சி: "யம்மா, காய்ச்ச விட்டுட்டு. அது சும்மா வீட்டுச் சிலந்தியாத்தான் இருக்கும், நீங்கதான் ஊசி கீசின்னு பயமுறுத்திட்டீக. கஞ்சி வச்சிருக்கேன், ரெண்டு தட்டுல ஊத்திட்டேன். எங்க இருக்கீக?"

இதோ வருகிறேன் அண்ணாச்சி என்றேன். குரல் நடுங்காமல் சொல்லிவிட்டேன்.

கால் எழும்ப மாட்டேன் என்கி

6.55 (ஒலிபெருக்கியின் தானியங்கிப் பதிவு)

"யம்மா, கஞ்சி ஆறுது."