உச்சியில் ஒரு இரும்புத் தாமரை

ராஜகீழ்ப்பாக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். அப்பாவின் மூட்டுவலி தேவலையா? போனில் சொன்னால் குறுக்கே அழுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பொத்தேரியில் ஒரு அடுக்குமாடி வாசலுக்கு நான் செய்த சிற்பம் முடிந்துவிட்டது. மூன்று இரும்புப் பெட்டிகள், ஒன்றின்மேல் ஒன்று, ஒவ்வொன்றும் கூர்முனையில் நிற்கும். நேற்று பட்டறைக்குப் போனால் உச்சியில் தாமரைப்பூ! கேட் செய்யும் லோகு அண்ணன் ஆசையாக வெல்டிங் வைத்திருக்கிறார்.

"மொட்டையா கீதேம்மா! பூ வெக்காம நம்ம பட்டறைல ஒரு கேட்டுகூட வெளிய போனதில்ல."

பார்க்க வந்த பில்டரும், "நல்லாத்தானே இருக்கு, விட்டுடுங்க" என்றார்.

"பூ இருந்தா என் பேர் இருக்காது சார்" என்று சொல்லி, அவர் முன்னாலேயே அறுத்தெடுத்தேன். முகம் வாடினாலும் லோகு அண்ணன்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டார். கோபத்தில் பாதுகாப்புக் கண்ணாடி போட மறந்து கண்ணில் இரும்புத்தூள் விழுந்தது. டாக்டர் எடுத்துவிட்டார், பயப்படாதே.

சிற்பத்தை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று பில்டர் இன்னும் முடிவு செய்யவில்லை. வேண்டாமென்றால் வேறு வாசல் தேடுவேன். பூ மட்டும் வைக்க மாட்டேன்.

அந்தப் பூவைக் கோவில்பட்டி பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். நம் வீட்டு கேட்டில் வைக்கச் சொல். அப்பாவின் பழைய காட்டன் சட்டை இரண்டு அனுப்பு. மற்ற துணியெல்லாம் தீப்பொறியில் ஓட்டையாகிறது. பிறகு, நான் போன் செய்யும்போது மாவாட்டும் கிரைண்டரை நிறுத்தாதே. அந்தச் சத்தமும் கேட்கட்டும்.

"அது என்ன உருவம்டி?" என்று கேட்டாயே. எந்த உருவமும் இல்லை அம்மா. ஆனால் எதையும் பிடித்துக்கொள்ளாமல் நிற்கிறது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உன் செண்பகவல்லி