நடந்து வாசிக்கிறவன்

மனாமா, பஹ்ரைன்
ஆகஸ்ட் 10, ஞாயிறு

அன்புள்ள ஷிபாவுக்கு,

நான் இங்கே சுகம். நீயும், வயிற்றில் இருக்கிற ஆளும், அம்மாவும் அங்கே சுகமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவனுக்கு இப்போது என்ன கடிதம் என்று நீ கேட்பாய். நம் வீட்டில் அம்மாவுக்கு ஸ்பீக்கர் போட்டால்தான் பேச்சு. இங்கே ரூமில் ஆறு பேர், ஆறு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். வாட்ஸப்பில் போடலாம் என்றால், நீ படித்ததும் நீல டிக் விழும், பதில் வராது, நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குக் கடிதமே மேல். பக்கத்து ரூம் ஜெஃப்ரின், கொட்டில்பாட்டுக்காரன், செவ்வாய்க்கிழமை ஊருக்கு வருகிறான். அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

விஷயம் நவம்பரைப் பற்றியது. மூன்று மாத விசாவில் போகிறேன், பிரசவத்துக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் கிளம்பினேன். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் நீயும், "பிள்ளைய முதல்ல நீங்கதான் வாங்கணும். அதுவரைக்கும் வேற ஒருத்தர் கையிலயும் குடுக்க விடமாட்டேன்" என்று அத்தனை பேர் முன்னால் சத்தமாகச் சொன்னாய். அதைப் பற்றித்தான். ஆனால் முதலில் இருந்து முறையாகச் சொல்கிறேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

ரூம் பரவாயில்லை. மூட்டைப்பூச்சி இருப்பதைப் போனில் சொல்லவில்லை, அம்மா விசனப்படுவாள். சாயங்காலம்கூடக் குழாயில் வெந்நீர்தான் வருகிறது. குளிக்கிற தண்ணீரை முந்தின நாளே வாளியில் பிடித்து வைக்க வேண்டும். கடல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அலை கிடையாது, குளம் மாதிரி கிடக்கிறது. இங்கே லீவு வெள்ளிக்கிழமை, பூசைக்குக் கூட்டமும் அன்றைக்குத்தான். முதல் வாரம் ஞாயிறு காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினேன், ரூமே சிரித்தது. மார்க்கெட்டில் கலவா மீன் விலையைக் கேட்டால் உன் அப்பா மறுநாளே வள்ளத்தை இந்தப் பக்கம் திருப்பிவிடுவார்.

இனி வேலை. ஓட்டலில் நாங்கள் நாலு பேர். பியானோ வாசிக்கிற டெல்மா என்கிற கோவாக்கார அம்மாதான் தலைவி. ட்ரம்ஸுக்கு ஒரு பிலிப்பைன்ஸ்காரர், பேஸ் கிட்டாருக்கு ஓர் இலங்கைத் தமிழர், கிளாரினெட்டுக்கு நான். சாயங்காலம் லாபியில் உட்கார்ந்து, காப்பி குடிக்க வருகிறவர்களுக்கு மெதுவாக வாசிக்க வேண்டும். அந்த உட்கார்வதில்தான் வந்தது வினை. பதினாலு வயதில் நம் ஊர் பேண்டில் சேர்ந்தவன் நான். தேர், கல்யாணம், அடக்கம் எல்லாமே நடைதான். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டும் முழுசாக வாசித்ததில்லை என்பது இங்கே வந்துதான் எனக்கே தெரிந்தது. இடது கால் முன்னால் போகும்போது மூச்சு எடுத்துப் பழகிவிட்டேன். உட்கார்ந்தால் மூச்சை எங்கே எடுப்பதென்று தெரியவில்லை. பாட்டு சில சமயம் ஓடுகிறது, சில சமயம் நொண்டுகிறது. போதாததற்கு ஏசி. குளிரில் கிளாரினெட்டின் சுருதி இறங்கிவிடும். அதனால் அதைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு மேடைக்குப் போகிறேன்.

ரூமில் ஊத முடியாது. ஓட்டலில் நாற்காலிகள் அடுக்கிய ஸ்டோர் ரூமில் போய், இரண்டு காலையும் துண்டால் கட்டிக்கொண்டு பிராக்டீஸ் பண்ணினேன். சிரிக்காதே. மூன்றாவது வாரம் டெல்மா, வருகிற வெள்ளி வரை பார்க்கிறேன், சரிவராவிட்டால் டிக்கெட் போட்டு அனுப்பச் சொல்லிவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். இலங்கைக்காரர் அதைத் தமிழில் சொல்லும்போது பாதி மரியாதையைத் தானாகவே சேர்த்துச் சொன்னார்.

எனக்கு உடனே உன் அப்பா ஞாபகம்தான். நம் கல்யாணப் பேச்சு நடக்கும்போது, "கடலுக்குப் போனா சர்த்திக்கான். ஊதியா எனக்க மவளுக்குச் சோறு போடுவான்?" என்று கேட்டார் இல்லையா? மாமா மேல் தப்பில்லை. வள்ளத்தில் எனக்கு இடம் கொடுத்துப் பார்த்தவர் அவர். நான் வாந்தி எடுத்த எடுப்பில் பாதி வழியில் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தவர். மூன்று வாரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்பதை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஓட்டல் ஹாலில் ஒரு கல்யாண விருந்து, எங்கள் நாலு பேருக்கும் வாசிப்பு அங்கேதான். மங்களூர்ப் பையன், கோட்டயத்துப் பெண். இரண்டு பேரும் வாசலில் வந்து நிற்கிறார்கள், உள்ளே அழைத்து வருகிற பாட்டு கம்ப்யூட்டரில் இருந்து வரவில்லை. ஸ்பீக்கர்காரன் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுகிறான். டெல்மா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். வாசல் பக்கம் நின்று நாலு வரி வாசி என்று அர்த்தமாம், அப்புறம்தான் தெரிந்தது. நான் நேராகப் போய் மணமக்கள் முன்னால் நின்று, நம் ஊர்க் கல்யாண மார்ச்சை எடுத்துவிட்டேன். எடுத்தால் கால் தானாகப் போகும்தானே. நம் ஊரில் வீட்டுக்கு வீடு நின்றுதானே போவோம்? அப்படியே ஒவ்வொரு மேசை முன்னாலும் நின்று, ஒரு வரி முழுக்க வாசித்து, தலையைத் தாழ்த்திவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன். மணமக்களும் நின்று நின்று பின்னாலேயே வந்தார்கள், வேறென்ன செய்வார்கள்! ஜனங்கள் எழுந்து கை தட்டினார்கள். மேடைக்குப் போய்ச் சேருவதற்குள் சூப்பெல்லாம் ஆறிவிட்டது. சமையல் தலைவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அங்கே பரிமாறுகிற ஜெஃப்ரின், "ஏலே மக்கா, மாதா தேரையா கூட்டிட்டு வந்தே?" என்று கேட்டான். ஆனால் ஷிபா, சுருதி விலகவில்லை, ஒரு மூச்சு தப்பவில்லை. இங்கே வந்த பிறகு அன்றைக்குத்தான் நான் நானாக வாசித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நேற்றுக் காலை மேனேஜர் கூப்பிட்டார். கல்யாணங்களுக்கு இப்படி நடந்து வாசிக்க ஆள் வேண்டும், சூப்பு மட்டும் ஆறக் கூடாது என்றார். இரண்டு வருஷ விசா. ஒரு வருஷம் முடிந்த பிறகுதான் முதல் லீவு. டெல்மா, இன்றைக்கே சொல்லிவிடு, நாளைக்கு அவருக்கு வேறு நினைப்பு வந்துவிடும் என்றாள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

போன் சட்டைப் பையில்தான் இருந்தது. வெளியே வந்து உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நீ சரி என்று சொல்லிவிட்டு அழுவாய், அதனால்தான் கேட்கவில்லை என்று நேற்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். வந்துவிடுங்கள் என்று நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்துதான் கேட்கவில்லை. எனக்கு இந்த வேலை வேண்டும், ஷிபா. ஆசைப்பட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஸ்கேனுக்கு நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போகாதே, ஆட்டோ பிடித்துப் போ. அம்மா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று எனக்குச் சந்தேகம், நீ கொஞ்சம் பார்த்துக்கொள். ஐப்பசி மழைக்கு முன்னால் அடுக்களைக் கூரை ஓடுகளை மாற்றச் சொல். உன் வீட்டார் உன்னை அழைத்துப் போக வரும்போது, அம்மாவைத் தனியே விடமாட்டேன் என்று அடம் பிடிக்காமல் அவர்களோடு போ. பிள்ளைக்கு நீ சொன்ன பெயரையே வை, நான் சொன்னதை விட்டுவிடு. அம்மாவிடமும் மாமாவிடமும், இது உன் கைக்கு வந்த பிறகு நானே போனில் சொல்லிக்கொள்கிறேன்.

ஜெஃப்ரின் மாதக் கடைசியில் திரும்பி வருகிறான். கருவாடும் மரச்சீனி வற்றலும் நீ கொடுத்து விடுவாய், அது எனக்குத் தெரியும். அதோடு ஒரு தாளும் வை. நன்றாகத் திட்டி எழுது. செத்துப்போன என் அப்பா வரைக்கும் இழுத்துத் திட்டினாலும் பரவாயில்லை. ஒன்றும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

பிள்ளை பிறந்ததும் முதலில் உன் அப்பா கையில் கொடு. வலை இழுத்த கை, நழுவ விடாது. மாதா உன் தலைமாட்டிலேயே இருக்கட்டும்.

உன்,
பிரைட்டன்